வீட்டுக்கொரு பிரிண்டர் என்னும் பிழையான கணக்கு

பிள்ளை புலமைப்பரிசில் வகுப்புக்கு வந்துவிட்டால் வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்க வேண்டும். வாங்குவதென்றால் ஸ்கானும் போட்டோக்கொப்பியும் சேர்ந்த ‘ஓல் இன் வன்’ ஆகப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கும்போதே இன்னும் கொஞ்சக் காசு கட்டி வொரண்டியை மூன்று வருடத்துக்கு நீட்டிக்கொண்டால் பிறகு கவலை இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையிலும், அதைச் சுற்றியுள்ள முதலைக்குடா, மகிழடித்தீவு, முனைக்காடு, அரசடித்தீவு போன்ற ஊர்களிலும் இந்த மூன்றும் இப்போது யாரும் திருப்பிக் கேள்வி கேட்காத அறிவுரைகளாகிவிட்டன. ஆசிரியர் பெற்றோருக்குச் சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் காசு அனுப்பும்போது சொல்கிறார். நகரத்துத் தவணைக் கடையில் விற்பனையாளரும் அதையே சொல்கிறார். இந்த மூன்று அறிவுரைகளும் பிழை என்பதே என் வாதம். கல்விக்காகச் செலவழிக்க மனமுள்ள ஒரு படுவான்கரைக் குடும்பத்தின் காசு, கல்விக்குப் போகாமல் காய்ந்துபோகும் மைக்கும், ஒருநாளும் கோரப்படாத ஒரு கடதாசிக்கும் போகிறது. இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்களும் மாதிரி வினாத்தாள்களும் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. கைப்பேசித் திரையில் வினாத்தாளைப் பார்த்து விடை எழுதுவது ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இலேசான காரியமல்ல. அச்சிட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு முன்பும் வாவிக்கு மேற்கே இருப்பவர்களுக்கு எந்தச் சிறு தேவைக்கும் கிழக்கே எழுவான்கரைக்குப் போய்வர வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை ஒரு போட்டோக்கொப்பி எடுக்கக்கூட வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்துநின்ற காலம் இருந்தது. வீட்டிலேயே எல்லாம் இருந்தால் நல்லது என்ற ஆசை அந்த அனுபவத்தில் பிறந்தது. தேவை உண்மையானது. அந்தத் தேவைக்கு மருந்தாக விற்கப்படும் பொருள்தான் பொருத்தமற்றது.

பிரிண்டர் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். மலிவான இங்க்ஜெட் பிரிண்டரில் நிறுவனத்துக்கு இலாபம் இல்லை. பல மாதிரிகளை நிறுவனங்கள் அடக்கவிலைக்கும் குறைவாக விற்கின்றன. இலாபம் முழுவதும் பிறகு வாங்கப்போகும் மையில் இருக்கிறது. இது ஊகமல்ல. எச்பி நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி 2024 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், ஒருவர் பிரிண்டர் வாங்குவது நிறுவனம் அவர்மேல் செய்யும் முதலீடு என்றும், அவர் போதிய அளவு அச்சிடாவிட்டால் அல்லது தங்கள் மையைப் பாவிக்காவிட்டால் அது தமக்கு மோசமான முதலீடு என்றும் வெளிப்படையாகவே சொன்னார். நிறுவனத்துக்கு நட்டம் தரும் அந்த வாடிக்கையாளர் யார்? வாரத்தில் பத்துப் பக்கம் அச்சிடும் நம்முடைய வீடுதான். அப்படிப்பட்ட வீட்டையும் நிறைய மை வாங்கும் வீடாக மாற்றவேண்டிய கட்டாயம் இயந்திரத்தின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. கடையில் விலைச்சீட்டில் ஒட்டியிருப்பது முதல் தவணை மாத்திரமே என்று எண்ணிக்கொள்வதுதான் சரி.

எண்களை எடுத்துப் பார்ப்போம். இங்கே பரவலாகக் கிடைத்த எச்பி 680 கார்ட்ரிஜ், கறுப்பில் சுமார் 480 பக்கமும் நிறத்தில் சுமார் 150 பக்கமும் தரும் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. கனன் 745 கறுப்புக் கார்ட்ரிஜ் சுமார் 180 பக்கம். இந்தக் கணக்கு எடுக்கப்படும் முறையையும் கவனிக்க வேண்டும். சர்வதேசத் தர நிர்ணயப்படி, ஏறக்குறைய 23 பாகை வெப்பநிலையுள்ள அறையில், ஒரே மூச்சில் தொடர்ந்து பக்கங்களை அச்சிட்டு மை தீரும்வரை எண்ணுகிறார்கள். நம் வீட்டில் அப்படி யாரும் அச்சிடுவதில்லை. செவ்வாய்க்கிழமை நான்கு பக்கம், அடுத்த வாரம் எட்டுப் பக்கம், பரீட்சை முடிந்தபின் ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. பெட்டியோடு வரும் முதல் கார்ட்ரிஜில் பல வேளைகளில் மை குறைவாகவே நிரப்பப்பட்டிருக்கும். இயந்திரத்தை முதன்முதலாக இயக்கும்போது குழாய்களையும் முனைகளையும் நிரப்பவும் கொஞ்சம் போய்விடும். ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை நம்பிச் செய்யும் கணக்கு நடைமுறையில் நிற்காது. கார்ட்ரிஜின் விலையைப் பெட்டியில் போட்ட பக்க எண்ணிக்கையால் வகுக்காமல், சென்ற கார்ட்ரிஜில் உண்மையாகக் கைக்கு வந்த பக்கங்களால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகையைச் சந்தியில் உள்ள கொமினிகேஷனில் ஒரு பக்கத்துக்குக் கேட்கும் காசோடு ஒப்பிடுங்கள். இயந்திரத்தின் விலையைச் சேர்க்காமலே கடைதான் மலிவு என்று பெரும்பாலான வீடுகளில் தெரியவரும்.

இதில் படுவான்கரையின் காலநிலைக்கும் பங்கு உண்டு. இங்க்ஜெட் பிரிண்டரின் மை, தலைமயிரைவிட நுண்ணிய துவாரங்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தெறித்து வருகிறது. அந்தத் துவாரத்தின் வாயில் மை காய்ந்தால் அச்சில் வெள்ளைக் கோடு விழும். வைகாசி தொடங்கி ஆவணிவரை மேற்கே மலையைத் தாண்டி இறங்கி வரும் கச்சான் காற்று, ஈரமில்லாத அனல் காற்று. கொடியில் போட்ட சீலை ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும் அந்தக் காலத்தில், இரண்டு மூன்று வாரம் தொடாமல் கிடக்கும் பிரிண்டரின் முனையும் காயத்தான் செய்யும். அப்போது என்ன செய்கிறோம்? கம்பியூட்டரில் ‘ஹெட் கிளீனிங்’ கொடுக்கிறோம். இயந்திரம் முனைகளைக் கழுவ மையை உறிஞ்சி, அடியில் உள்ள பஞ்சில் கொட்டுகிறது. ஒருமுறையில் சரிவராவிட்டால் மறுபடி. ஒரு பக்கமும் அச்சிடாமல் மை இறங்குவது இப்படித்தான். கொட்டிய மை சேரும் அந்தப் பஞ்சும் ஒருநாள் நிரம்பும். பல எப்சன் மாதிரிகளில் அதைக் கணக்குவைக்கும் எண்ணி ஒன்று உள்ளே இருக்கிறது. எல்லை வந்ததும் வேறு எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும் பிரிண்டர் அச்சிட மறுத்துவிடும். இந்தப் பஞ்சும் மை தீருமுன்பே ‘தீர்ந்தது’ என்று சொல்லும் அறிவித்தலுமே, 2017இல் பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு எப்சன் உள்ளிட்ட பிரிண்டர் நிறுவனங்களுக்கு எதிராக, பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதாக முறைப்பாடு செய்யக் காரணமாயின. மாரியில் நிலைமை நேர்மாறு. காற்றின் ஈரத்தைக் குடித்த தாள் ஓரம் சுருண்டு உருளையில் சிக்கும். இரண்டு பருவமும் இந்த இயந்திரத்துக்கு எதிரிகளே.

‘ஓல் இன் வன்’ என்ற பெயருக்கு வருவோம். மூன்று இயந்திரத்தின் வேலையை ஒன்று செய்கிறது, மூன்று வாங்கும் காசு மிச்சம் என்பது வாதம். ஒன்று பழுதானால் மூன்றும் போகும் என்பது அந்த வாதத்தில் விடுபட்ட பாதி. ஸ்கானருக்கு மை எதற்கு? கண்ணாடியின்மேல் வைத்த பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் படமெடுத்துக் கம்பியூட்டருக்கு அனுப்ப ஒரு சொட்டு மையும் தேவையில்லை. ஆனால் மை தீர்ந்தால் ஸ்கானும் செய்யாமல் நின்றுவிடும் இயந்திரங்கள் விற்கப்பட்டன. 2021 ஒக்டோபரில் கனனின் அமெரிக்க நிறுவனத்துக்கு எதிராக நியூயோர்க்கில் தொடுக்கப்பட்ட வழக்கு இதைப் பற்றியதே. அது பிறகு இணக்கத்தில் முடிந்தது. இதே குற்றச்சாட்டில் எச்பிக்கு எதிராகக் கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கைத் தள்ளுபடி செய்ய 2023இல் நீதிமன்றம் மறுத்தது. நிற மை தீர்ந்ததால் கறுப்பில் ஒரு விண்ணப்பப் படிவத்தைக்கூட அச்சிட விடாத மாதிரிகளும் உண்டு. வீட்டில் நிறம் எதற்குத் தேவைப்படுகிறது என்று யோசித்தால், ஒப்படையின் முகப்புக்கும் ஏதோ ஒரு படத்துக்கும் தவிர வேறில்லை. அதற்காக நான்கு நிறத்தையும் ஆண்டு முழுவதும் காயாமல் காப்பாற்றுவது வீண் ஊழியம். ஸ்கான் தேவைக்கோ இன்று வீட்டில் இருக்கும் கைப்பேசியே போதும். பட்டிப்பளைப் பிரதேச செயலகத்துக்கோ ஒரு பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கோ அனுப்பவேண்டிய ஆவணத்தைச் சமனாக வைத்து, நிழல் விழாமல், ஸ்கான் செயலியில் படமெடுத்து பிடிஎப் ஆக்கலாம். அதற்கு மேல் துல்லியம் கேட்கும் சந்தர்ப்பம் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வந்தாலே அதிகம்.

வேறு நிறுவனத்தின் மலிவு மையைப் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அதையும் அடைக்கத்தான் கார்ட்ரிஜில் சிப் வைத்தார்கள். 2016 செப்டெம்பரில் எச்பியின் பல பிரிண்டர்கள், முந்திய நாள்வரை ஏற்றுக்கொண்ட பிற கார்ட்ரிஜ்களைத் திடீரென மறுத்தன. இயந்திரத்துக்குள் இருந்த மென்பொருள் அப்படிச் சொல்லியது. இந்தக் கட்டுப்பாட்டை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதற்காக 2020இல் இத்தாலியின் போட்டி அதிகாரசபை அந்த நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. லெக்ஸ்மார்க் நிறுவனம், தான் விற்ற கார்ட்ரிஜை மற்றவர்கள் திரும்ப நிரப்பி விற்பதைக் காப்புரிமை கொண்டு தடுக்கப் பார்த்தது. 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்றுவிட்ட பொருளின்மேல் காப்புரிமை தீர்ந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. சட்டம் அப்படிச் சொன்னாலும் சிப் தன் வேலையைத் தொடர்கிறது. 2022இன் தொடக்கத்தில் உலகில் சிப் தட்டுப்பாடு வந்தபோது கனன் தன் சொந்த டோனர்களையே சிப் இல்லாமல் விற்று, ‘இது எங்களுடையது அல்ல’ என்று இயந்திரம் காட்டும் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம் என வாடிக்கையாளருக்கு வழி சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. அந்தச் சிப் அச்சின் தரத்துக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இவ்வளவும் பழைய கார்ட்ரிஜ் காலத்துக் கதை, இப்போது போத்தலில் மை ஊற்றும் தாங்கிப் பிரிண்டர் வந்துவிட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் வலுவான பதில். அதில் உண்மை இருக்கிறது. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் போத்தல்களைப் பொருத்திக் குழாய் இழுத்து ஓட்டினார்கள். அதைப் பார்த்து 2010இல் எப்சன் அந்த நாட்டிலேயே முதன்முதலாகத் தாங்கிப் பிரிண்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்களைப் போன்ற நாட்டுக் கைவினைஞர்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் வியாபார முறையையே மாற்றினார்கள் என்பது பெருமைக்குரிய விடயம். எப்சன் 003 கறுப்பு மைப் போத்தல் ஒன்றில் 4,500 பக்கம்வரை எடுக்கலாம் என்கிறார்கள். நாளாந்தம் அச்சிடும் கொமினிகேஷனுக்கும் நிற வேலை உள்ள ரியூட்டறிக்கும் இது நல்ல இயந்திரம். அவர்கள் வாங்குவதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாரத்துக்குப் பத்துப் பக்கம் என்றால் 4,500 பக்கம் முடிய எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அத்தனை வருடம் அந்த மை தாங்கியில் கிடக்கும். கச்சான் காற்று அதே காற்று, முனை அதே முனை, பஞ்சும் அதே பஞ்சு. மை மலிந்தது, காய்தல் தீரவில்லை. வாங்கும் விலை கார்ட்ரிஜ் பிரிண்டரைவிட அதிகம் என்பதால் குறைவாக அச்சிடும் வீட்டுக்கு நட்டம் கூடத்தான் செய்கிறது.

இனி மேலதிக வொரண்டி. இந்தப் பொருளில்தான் அறிவுரை சொல்பவர்கள் மிக உறுதியாகப் பேசுகிறார்கள், மிகக் குறைவாக வாசித்திருக்கிறார்கள். பிரிண்டரில் உண்மையில் எது பழுதாகும் என்று பட்டியல் எடுங்கள். முனை காய்ந்து அடைபடும். மைப்பஞ்சு நிரம்பும். தாள் இழுக்கும் றப்பர் உருளை வழுக்கும். இடிமின்னலில் பலகை எரியும். எறும்பு கூடு கட்டும், பல்லி உள்ளே போய்ச் செத்து மின்னைக் குறுக்கும். இப்போது வொரண்டிப் பத்திரத்தின் விலக்குகளை வாசியுங்கள். கார்ட்ரிஜும் முனையும் பஞ்சும் உருளையும் தேய்மானப் பொருட்கள் என்று பெரும்பாலும் வெளியே விடப்பட்டிருக்கும். மின்னலும் மின்னழுத்த மாற்றமும் பூச்சியும் ‘வெளிக்காரணம்’. வேறு மை ஊற்றியிருந்தால் முழு உத்தரவாதமும் இரத்து. பல மாதிரிகளில் காலத்தோடு பக்க எல்லையும் சேர்த்து, எது முந்துகிறதோ அதோடு முடியும் என்றிருக்கும். எஞ்சுவது தொழிற்சாலைக் குறைபாடு. அது இருந்தால் பெரும்பாலும் முதல் மாதங்களிலேயே தலைகாட்டும். அப்போது காசு கட்டாத முதல் வருட வொரண்டியே போதுமானது. நம் ஊரில் வரக்கூடிய பழுதுகளை விலக்கிவிட்டு, வராத பழுதுகளுக்குக் காசு வாங்குவதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

கணக்கும் இதையே சொல்கிறது. மேலதிக வொரண்டிக்குப் பிரிண்டர் விலையில் பத்தில் ஒரு பங்கு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டணம் நியாயமாவதற்கு, இரண்டாம் மூன்றாம் வருடங்களில், பத்துப் பிரிண்டரில் ஒன்றாவது பத்திரம் ஏற்றுக்கொள்ளும் காரணத்தால் முற்றாக அழிந்து, கடைக்காரர் முழு விலைக்குப் புதியது தர வேண்டும். அப்படி நடந்தால் கடைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவர்கள் அதை விடாமல் விற்பதிலிருந்தே அப்படி நடப்பதில்லை என்று தெரிகிறது. பிரித்தானியாவில் போட்டி ஆணைக்குழு 2003இல் வீட்டு மின்சாதனங்களின் மேலதிக வொரண்டியை விசாரித்து, கடைகள் மிதமிஞ்சிய இலாபம் எடுப்பதைக் கண்டது. பொருளை வாங்கும் அந்த நேரத்தில், வேறு இடத்தில் விலை கேட்க வழியில்லாதபோது விற்பதே அந்த இலாபத்துக்கு வழி செய்கிறது. 2005இல் அங்கே கொண்டுவந்த ஆணை, வொரண்டியின் விலையைப் பொருளின் விலைக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், வாங்கியவர் 45 நாளுக்குள் இரத்துச் செய்து காசைத் திரும்பப் பெறலாம் என்று கட்டாயப்படுத்தியது. மட்டக்களப்பில் பில் போடும் மேசையில் ‘இதையும் சேர்த்துவிடுவோமா’ என்று கேட்கும்போது நமக்கு அப்படிப்பட்ட 45 நாள் கிடையாது. எச்பி பல நாடுகளில் விற்ற ஒரு திட்டமும் கவனிக்கத்தக்கது. மேலதிகமாக ஒரு வருட வொரண்டி தருகிறோம், பதிலுக்கு அந்தப் பிரிண்டரின் ஆயுள் முழுவதும் எங்கள் மையையே போட வேண்டும், இணையத் தொடர்பும் அறாதிருக்க வேண்டும் என்றது. வொரண்டி எதற்கு என்பதை இதைவிடத் துலக்கமாகச் சொல்ல முடியாது.

கையில் பணமுள்ளவர் இப்படிக் கணக்குப் பார்க்கலாம், ஏழைக் குடும்பம் திடீர்ச் செலவைத் தாங்காது, அவர்களுக்கு மூன்று வருட நிம்மதி பெரிது என்று ஒரு மறுப்பு வரும். இதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். படுவான்கரைக் கமக்காரருக்கு இழப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளம் வந்தால் ஒரு போக வயல் முழுவதும் போகும். அந்த இழப்பு குடும்பத்தைக் கடனில் தள்ளும். அதற்குக் காப்புறுதி வேண்டும், அதைப் போராடியேனும் பெற வேண்டும். பிரிண்டர் நின்றுபோவது அப்படிப்பட்ட இழப்பல்ல. அது நின்றால் பிள்ளையின் வினாத்தாள் சந்திக் கடையில் அச்சாகும், அவ்வளவுதான். அதே வொரண்டிக் காசைச் சீட்டிலோ தபால்கந்தோர் சேமிப்பிலோ போட்டால் எந்தப் பழுதுக்கும், எந்தக் கடையிலும், எந்த மைக்கும் பாவிக்கலாம். பழுது வராவிட்டால் காசு நம்முடையது. ஏழையின் அச்சத்தைக் காட்டி ஏழையிடமே கூடுதலாக அறவிடும் ஒரு பொருளை, ஏழையின் பெயராலேயே நியாயப்படுத்துவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

சட்டத்தின் நிலையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், எந்தத் தேவைக்கு வாங்குகிறோம் என்று வியாபாரியிடம் தெரிவித்து அவருடைய அறிவை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்கிறது. தனிக் கட்டணம் எதுவும் இல்லாமலே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். மேலதிக வொரண்டி உயிர்பெறுவதே முதல் வருடம் கழிந்த பின்னர். அப்போது கடைக்காரர் கையை விரித்தால், அந்த மூன்று மாதம் எப்போதோ கடந்திருக்கும். ஆக முதல் வருடத்தில் பில்லைப் பத்திரப்படுத்துவதும், தொடரிலக்கம் எழுதி முத்திரை குத்திய அட்டையை வாங்குவதும், வாங்கிய கிழமையிலேயே எல்லா வேலையையும் செய்துபார்த்து, குறை இருந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரித்து உடனே எழுத்தில் முறையிடுவதும் செலவில்லாத நல்ல பாதுகாப்பு. வொரண்டி நிபந்தனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், உருப்பெருக்கி தேவைப்படும் எழுத்தில் இருக்கின்றன. தமிழில் கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. தர மறுப்பவரிடம் கையெழுத்துப் போடக் கூடாது.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வொரண்டி இருந்தாலும் இயந்திரத்தைத் திருத்துமிடத்துக்கு நாமே கொண்டுபோக வேண்டும். மை நிரம்பிய தாங்கிப் பிரிண்டரைப் பேருந்தில் மடியில் வைத்து மண்முனைப் பாலம் தாண்டி ஆரையம்பதி வழியாக நகரத்துக்குக் கொண்டுபோகிறவர், சரிந்தால் மை உள்ளே கசியும் என்பதால் குழந்தையைப் போல நேராகப் பிடித்திருக்க வேண்டும். நகரத்தில் பொறுப்பேற்று, கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் கிழமைகள் போகும். தவணைப் பரீட்சை அதற்காகக் காத்திருக்காது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியபோதும், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோதும், உதிரிப்பாகம் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை நாடே பார்த்தது. தாளே இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். அப்படியொரு காலத்தில் மூன்று வருட வாக்குறுதிக்கு என்ன பெறுமதி?

ஆனாலும் சந்திக் கடை எல்லோருக்கும் பக்கத்தில் இல்லை. கரையோர ஊர்களிலிருந்து உள்ளே போகப் போகப் பொழுதுபட்ட பின் யானைக்குப் பயந்து வெளியே இறங்க முடியாத ஊர்கள் உண்டு. அவர்களை ‘கடைக்குப் போ’ என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அவர்களுக்கும், தினமும் பயிற்சித் தாள் தயாரிக்கும் ஆசிரியருக்கும், சிறு பாடசாலைக்கும் நான் சொல்வது, ஒரு வேலை மட்டும் செய்யும் கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். டோனர் பொடி காய்வதில்லை. ஆறு மாதம் கழித்துப் பொத்தானை அழுத்தினாலும் முதல் பக்கமே துலக்கமாக வரும். சிப் இல்லாத பழைய எச்பி 12ஏ வகை டோனர் ஒன்றில் சுமார் 2,000 பக்கம் எடுத்து, நகரத்தில் பொடி நிரப்பித் திரும்பவும் பாவிக்கலாம். இதற்கும் குறை உண்டு. வாங்கும் விலை கூட. தாளில் பொடியை உருக்கி ஒட்டும் உருளை இருநூறு பாகை அளவுக்குச் சூடேறுவதால் தொடக்கத்தில் மின்சாரத்தை நிறைய இழுக்கும்; சிறிய யூபிஎஸ்ஸில் செருகக் கூடாது. வாங்கும்முன் அந்த மாதிரியின் டோனரில் சிப் இருக்கிறதா, மட்டக்களப்பில் நிரப்புகிறார்களா என்று இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். தனி வீடு ஒன்றால் இந்த விலை முடியாது என்றால் ஐந்தாறு வீடு சேர்ந்து வாங்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ ஓர் இயந்திரத்தை வைத்துத் தாளுக்கும் டோனருக்கும் மட்டும் காசு எடுத்து நடத்தலாம். பல வீட்டுக்காக ஓடும் இயந்திரம் அடிக்கடி ஓடும். அதனால் ஒரு பக்கத்தின் விலையும் இறங்கும்.

பாடசாலைகளுக்கு அன்பளிப்புச் செய்யும் வெளிநாட்டு உறவுகளிடமும் பழைய மாணவர்களிடமும் இதையே வேண்டுகிறேன். நிறம் நிறமாய் மை கேட்கும் ஓல் இன் வன் பெட்டியைப் பூமாலையோடு கையளித்துப் படமெடுத்துவிட்டுப் போனால், முதல் மை தீர்ந்ததும் அது களஞ்சிய அறைக்குப் போகும். அடுத்த கார்ட்ரிஜ் வாங்கும் செலவை அதிபர் எங்கிருந்து எடுப்பார் என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள். அதே தொகைக்கு ஒரு லேசர் பிரிண்டரும் இரண்டு டோனரும் கொஞ்சம் தாளும் கொடுங்கள். வீட்டுக்கு வாங்க நினைத்திருப்பவர்கள் ஒரு மாதம் பொறுத்து, அந்த மாதத்தில் உண்மையாக எத்தனை பக்கம் அச்சிடத் தேவைப்பட்டது என்று ஒரு கொப்பியில் குறித்துப் பாருங்கள். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். மேலே இருந்தால் லேசர் வாங்குங்கள். எதை வாங்கினாலும் பில் மேசையில் நீட்டப்படும் மேலதிக வொரண்டிப் படிவத்தை நிரப்பாமல் திருப்பிக் கொடுங்கள்.